ஒரே மடிக்கணினியில் இரண்டு குடித்தனம்

எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு வியட்நாமிய மொழி மட்டும்தான் தெரியும். சைகோனை அடுத்த பின் யுவோங்கில் அப்பா வேலை பார்த்த சாயத் தொழிற்சாலைக்காரர்கள், நிறக் கணக்குப் பார்க்கும் மென்பொருளோடு அதை அப்படித்தான் தயார் செய்து கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்குக் கவலையில்லை. எங்கே தட்டினால் எது திறக்கும் என்று படம் பார்த்தே பழகிவிட்டார். அம்மா பாடுதான் திண்டாட்டம். எழுதியதைச் சேமிக்கப் போய்க் கணினியையே அணைத்துவிட்டு வருவாள்.

காரைக்காலில் கணக்கு டியூஷன் எடுத்தவள் அம்மா. சைகோனுக்கு வந்தபின் அவளுக்கு மிஞ்சிய ஒரே மாணவி நான். முப்பது பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய குட்டு மொத்தமும் என் ஒரு தலையில் இறங்கியது. ஆகவே, பழைய பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது என்னைவிட மகிழ்ந்தவர் யாருமில்லை. "அதுவும் முடியாதுன்னா நான் ஊருக்கே போயிடுறேன்" என்றும் சொன்னாள். அப்பா அன்று சோற்றில் ரசம் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

சைகோனின் தூ டுக் பகுதியில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, வழி சொன்னார். "கம்பெனிக்காரன் போட்டதத் தொட வேணாம் மச்சான். பக்கத்துலயே அக்காவுக்குத் தமிழ்ல லினக்ஸ்னு இன்னொரு சிஸ்டம் போட்டுடுறேன். ஒரே வூடு, ரெண்டு குடித்தனம்."

ஞாயிற்றுக்கிழமை குடிவைப்பு. மறுநாள் காலை அப்பா நிறக் கணக்கோடு போய் வெளிநாட்டு வியாபாரிகள் முன் நிற்கவேண்டும். மாலை அம்மாவுக்கு முதல் வகுப்பு. மதியத்துக்குள் மாமா முடித்துவிட்டார். கணினியை முடுக்கியதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்று 'மச்சான்', அதன் கீழே 'அக்கா'. அம்புக்குறியால் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பத்து விநாடி சும்மா இருந்தால் மேலே இருப்பது தானே திறந்துகொள்ளும். இப்படி வாசலில் நின்று ஆள் பிரித்து அனுப்புகிறவனுக்கு பூட் லோடர் என்று பெயராம்.

அம்மா திரையைப் பார்த்தாள். "யாரு பேருடா மேல?"

"மச்சான்தாங்க்கா. ஒரு மரியாதைக்கு..."

"கல்யாணப் பத்திரிகைலயும் இப்டித்தான் மரியாதை பண்ணாங்க. எங்கப்பா பேரு பொடி எழுத்துல, அச்சகத்துக்காரன் பேருக்கு ஒட்டுனாப்ல." பிறகு அடுத்த கேள்வி. "உள்ள அவருக்கு எவ்ளோ எடம், எனக்கு எவ்ளோ?"

மாமாவுக்கு அப்போது கல்யாணமாகியிருக்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னார்.

பெயரையும் மாற்றி, இடம் பிரிக்கும் நடுச்சுவரையும் நகர்த்தி வைக்கிறேன் என்று மறுபடி உட்கார்ந்தார். கணினியை முடுக்கினால் மச்சானும் இல்லை, அக்காவும் இல்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, கண்ணடித்துக்கொண்டிருந்தது.

அப்பா கத்தியிருந்தால் தேவலை. "உள்ள எல்லாம் இருக்கா, போச்சா? அத மட்டும் சொல்லு மாப்ள" என்றார்.

"இருக்கணும் மச்சான்."

அந்த 'இருக்கணும்' எனக்குப் போதவில்லை. அம்மா ஊருக்குப் போய்விடுவாள், அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. உடனே மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். என் சடை மேல் எனக்குப் பிரியம் அதிகம். ஆகவே மாமாவின் தலையை நேர்ந்துகொண்டேன்.

மாமா சந்து முனை இணையக் கடைக்கு ஓடினார். வைத்தியத்தைக் கண்டுபிடித்து முன்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினால், வழியில் சைகோன் மழை. வீடு வந்தபோது பாதி மருந்து கரைந்திருந்தது. மறுபடி ஓடி, இம்முறை சட்டைக்குள்ளே வயிற்றில் எழுதிக்கொண்டு வந்தார். வீட்டில் தாள் இல்லாமல் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாமா ஒரு பென் டிரைவைச் செருகி, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா எதிரே குனிந்து, தலைகீழாகத் தெரிந்த வயிற்றை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். மாமா ஒற்றைக் கையால் தட்டினார்.

"தொப்பைய உள்ள இழுடா, எழுத்து மடியுது."

"அக்கா, மூச்சு விடணும்ல?"

"அப்பறமா விடு. அந்த எடத்துல ஒரு கோடு விட்டுட்ட பாரு. இதுக்குத்தான் சின்ன வயசுல அவ்ளோ குட்டு குட்டுனேன்."

கணினி ஒருமுறை அணைந்தது. கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நின்றது. அப்பா தன் வரியைத் திறந்தார். அவருடைய சிவப்பும் நீலமும் ஒன்று குறையாமல் உள்ளே இருந்தன. நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். மாமாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. அப்பா மழையிலேயே போய் எல்லாருக்கும் ஐஸ் காப்பி வாங்கிவந்தார். எனக்கும்கூட.

அதற்குப் பிறகுதான் மாமா கவனித்தார். இந்தக் கலவரத்தில் லினக்ஸ் தானே மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. "அக்காவோடது மேல வந்துடுச்சு மச்சான். மாத்திடவா?"

"இனிமே அதுல கைய வச்சே, கைய ஒடச்சுருவேன்" என்றார் அப்பா.

அம்மா ஊருக்குப் போகவில்லை. மாமாவிடம் மட்டும் நேர்த்திக்கடனை நான் சொல்லவேயில்லை. முப்பது வயதுக்குள் அவர் தலையை அம்மன் தவணை முறையில் வசூலித்துக்கொண்டாள்.

அப்பாவுக்குத்தான் அந்தக் கணினி கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு துணியைக் காட்டினால் அது எந்த நீலம், அதில் எத்தனை சொட்டுப் பச்சை என்று சொல்லக்கூடியவர். அப்பேர்ப்பட்டவருக்குக் காலையில் கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒரே ஒருமுறை அழுத்த மறந்துபோகும். கன்னத்தில் கைவைத்துப் பத்து விநாடியும் பார்த்துக்கொண்டே இருப்பார். அம்மாவுடையது திறந்து, காரைக்கால் கடற்கரைப் படம் வந்து நிற்கும். "இங்க பாரேன், திரும்பவும் உன் வூட்டுக்குள்ள வந்து மாட்டிக்கிட்டேன். வந்து வெளிய விடு" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா வருவாள். "நாளைக்காவது ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லி வெளியே விடுவாள்.

மறுநாளும் மறந்துவிடுவார். அப்பா கொஞ்சம் மக்கு என்று என் பள்ளித் தோழிகளிடம் மிகுந்த வருத்தத்தோடு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.