பத்துச் சுத்து

அம்பத்தொண்ணு, வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுங்களைத் தேடின அவசரகாலம். பாலிங் பக்கம் ஒரு தோட்டத்துல, ரப்பர் பாலைச் சீட்டா அடிக்கிற பேக்டரியில எனக்கு வேலை. பேரு மருதம்மா. சீட்டடிக்கிற உருளை மேசினை ஓட்டினது என் வீட்டுக்காரரு மணியம். காட்டுல இருக்கிறவங்களுக்கு அரிசி குடுத்தாருன்னு எவனோ மூட்டி விட்டு, போலீஸு லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. எனக்கு அழுகை வரல. மரத்துப் போச்சு.

வேற யாருக்கும் மேசின் ஓட்டத் தெரியாது. யாரு படிச்சாலும் ஓட்டுற மாதிரி தமிழ்ல எழுதிக் குடுன்னு, ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி குழந்தைவேலுகிட்டத் தொரை சொல்லிட்டாரு. கிராணி நல்ல புள்ளதான். ஆனா மேசினைத் தொட்டதில்ல. இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பாத்து எழுதினாரு. எதுக்கும் இருக்கட்டும்னு எங்கிட்டயும் வந்தாரு.

"அக்கா, புஸ்தகத்துல இல்லாதது அண்ணன் ஏதாச்சும் செய்வாரா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? நான் சீட் தள்ளுறவ."

பச்சப் பொய். சீட் சிக்கினா நிறுத்துற பிடியை இழுக்கணும்; இழுத்தாலும் உருளை உடனே நிக்காது, இன்னும் பத்துச் சுத்து சுத்தும். பொம்பளைங்க நிக்கிற பக்கம் தகரத் தடுப்பு, உருளை கண்ணுக்குத் தெரியாது. அதனால வீட்டுக்காரரு பத்தையும் எண்ணிட்டுத்தான் டின்னை ரெண்டு தட்டு தட்டுவாரு. சத்தம் கேட்டதும் நாங்க கைய உள்ள விட்டு, சிக்கின சீட்டை எடுப்போம். இதையும் எழுதிட்டா, வெளிய வர்ற மனுசனுக்கு வேலை ஏது? வாயைக் கட்டிக்கிட்டேன்.

காகிதத்தைச் செவத்துல ஒட்டினாங்க. 'பிடியை இழுத்தால் இயந்திரம் நிற்கும்.' புதுசா மேசினுக்கு வந்த நடராஜா அதை நம்பி, இழுத்த கையோட டின்னைத் தட்டினான். நான் மட்டும் சத்தத்துக்கு அப்புறம் பத்து எண்ணித்தான் கைய விட்டேன். பக்கத்துல நின்ன இராசாத்திக்குச் சொல்லல. நாலாம் நாள் அவளுக்கு மூணு விரலு போச்சு. கல்யாணம் பேசி வச்சிருந்த பொண்ணு. அவ கத்தினது எங்கயோ தூரத்துல கேக்குற மாதிரி இருந்துச்சு.

மறுநாள் நானே கிராணிகிட்டப் போனேன். "எழுதிக்க"ன்னேன். எண்ணெய் விடுறதுலருந்து எல்லாத்தையும் கொட்டினேன். ஏன் முன்னாடி சொல்லலன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தாத் தேவலை. எழுதினதை மேசின்கிட்டக் கொண்டுவந்து, நடராஜாவை ஒவ்வொண்ணாச் செய்யச் சொன்னாரு. அவன் எங்க முழிச்சானோ அந்த எடத்தை அடிச்சுட்டு மறுபடி எழுதினாரு. ஒம்போது நாள் ஆச்சு. அதுக்கப்புறம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்கூட ஓட்டலாம் லா, அவ்வளவு சுத்தம்.

எட்டு மாசம் கழிச்சு வீட்டுக்காரரை விட்டாங்க. தொரை செவத்துல இருந்த காகிதத்தைக் காட்டி, "மேசினுக்கு ஆள் இருக்கு, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போ"ன்னுட்டாரு. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்னு நெனச்சேன்.

சோறு போட்டேன். கைய வைக்காம, "பத்துச் சுத்து அவங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னாரு.

"நான்தான் சொன்னேன்."

"எப்ப?"

"இராசாத்திக்கு அடிபட்ட மறுநாள்." "உங்க வேலை போயிடுமேன்னுதான் முன்னாடி சொல்லல"ன்னேன்.

"நான் கேட்டனா?"

அவ்வளவுதான். சோத்தை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சு, இராசாத்தி வீட்டுக்குப் போயிட்டாரு.