ஒற்றக்காவின் ஆறு சுற்று

மூன்றாவது சுற்றின் நடுவில், பூங்காத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அக்கா நட்டு வைத்ததுபோல நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் மோதாமல் ஒதுங்கிப் போனார். அக்கா இடது மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடிகாரத்தில் வந்திருந்த வரியைப் படித்தார். 'உங்கள் இதய துடிப்பு உயர்ந்துள்ளது.'

"த் எங்கடா?" என்று கடிகாரத்தைக் கேட்டார். "இதயத் துடிப்பு. நடுவுல ஒரு த் வேணும். அதை முழுங்கிட்டு, உயர்ந்துடுச்சுன்னு எனக்குச் சொல்ல வந்துட்டியா? உன்னைப் பார்த்தாலே உயரத்தான் செய்யும்!"

பதிப்பகம் ஒன்றில் இருபத்தோரு வருடமாகப் பிழை திருத்துகிறவர் அவர். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். விட்டுப்போன க், ச், த், ப் அத்தனையையும் சிவப்பு மையால் உள்ளே தள்ளுவதால் அங்கே அவருக்கு ஒற்றக்கா என்று பெயர். வயதில் மூத்த மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தால் முதலில் பிழைகளை வட்டம் போட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பார். லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் பேனாவால் ஒரு ப் சேர்த்து, குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. "பிழையை அவர் பண்ணுவாராம், திட்டு எனக்காம்!" என்று இன்னும் பொருமுவார்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் வீங்கிப் போனது. "ஒரு மணி நேரம் நிக்காம நடங்க. நின்னு நின்னு நடந்தா அது கணக்குல வராது" என்றார் டாக்டர். பூங்காவை ஆறு சுற்று சுற்றினால் ஒரு மணி நேரம். முழங்காலுக்காகத் தொடங்கியதுதான், ஆனால் போகப் போக அந்த ஆறு சுற்று மட்டுமே அக்காவுக்கே உரியது என்று ஆகிவிட்டது. மிச்ச நாளெல்லாம் பதிப்பகத்துக்கும் வீட்டுக்காரருக்கும் கல்லூரி போகும் மகளுக்கும் பங்கு பிரித்தாயிற்று. போனை வீட்டில் வைத்துவிட்டுக் கைவீசிக் கிளம்புவார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "போன் வீட்டுலதானே இருந்துச்சு!" என்பார்.

பொறுக்குமா வீட்டுக்கு? பிறந்தநாளுக்கு இந்தக் கடிகாரத்தை வாங்கிக் கட்டிவிட்டார்கள். அதற்குள்ளேயே சிம் இருக்கிறதாம், போனே வேண்டாமாம். "எல்லாம் உன் ஹெல்த்துக்காகத்தாம்மா. உனக்குப் பிடிக்குமேன்னு தமிழ்லயே செட் பண்ணியிருக்கேன்" என்றாள் மகள். மறுநாள் காலை முதல் சுற்று முடிவதற்குள் ஹெல்த் வந்து சேர்ந்தது: 'என் நீல டவல் எங்கே?' அனுப்பியவர் வீட்டுக்காரர். டவல் அவர் தலைக்கு மேலே கொடியில் தொங்குகிறது. அண்ணாந்து பார்ப்பதைவிட ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெண்டாட்டியின் கையைச் சுண்டுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. என்ன அநியாயம் இது!

வீட்டுக்காரர் ஓய்ந்தால் கடிகாரம் தொடங்கும். வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருக்கிறவரைப் பார்த்து, 'சற்று எழுந்து நடக்கலாமே!' என்று புத்தி சொல்லும். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தால் போதும், 'உடற்பயிற்ச்சியை முடித்துவிடவா?' என்று கேட்கும்.

"யாரைப் பார்த்து முடிச்சிடவான்னு கேக்குற? நீ என்ன கூலிப்படையா?" என்று அக்கா அதட்டியதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தே போய்விட்டார். "அதுவும் பயிற்ச்சியாம்! ற் வந்தா பக்கத்துல இன்னொரு ஒற்று வரவே வராது. வேணுங்கிற இடத்துல முழுங்குது, வேண்டாத இடத்துல கக்குது!"

கூட நடக்கிற மருந்துக்கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கழட்டி ட்ராயர்ல போடுங்கக்கா. எதுக்கு இந்த வம்பு?"

"போடலாம். ஆசையா வாங்கிக் குடுத்ததை மதிக்கலைன்னு ரெண்டு பேரும் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பாங்க. அதையும் நான்தான் இறக்கி வைக்கணும்."

அந்த அறிவிப்புகளை நிறுத்த முடியாதா என்றால், முடியும். ரொம்ப ஈஸி என்று மகள் சொல்கிறாள். நாளைக்குப் பண்ணித் தருகிறேன் என்றும் சொல்கிறாள். அப்படிச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அக்கா ஆறு சுற்றை நிற்காமல் முடித்ததில்லை.

வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தில் கை வைக்காத ஒரே ஆள் மாமனார். எண்பத்திரண்டு வயது. மெசேஜ் அனுப்பத் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்தாலும் அனுப்ப மாட்டார் என்பது அக்காவின் கட்சி. வீட்டுக்குக் கொண்டுவரும் பக்கங்களை அவர் உரக்கப் படிப்பார், அக்கா திருத்துவார். போன மாதம் நெஞ்சுச் சளியில் அவர் படுத்துவிட்டபோது அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சென்ற வியாழக்கிழமை எல்லாம் கூடி வந்தது. டவல் கேட்கவில்லை, ஒற்று தவறவில்லை. நான்கு சுற்று நிற்காமல் ஓடிவிட்டது. ஐந்தாவதும் பாதி தாண்டிவிட்டது. "இன்னிக்கு முடிச்சிடுவீங்கக்கா" என்றார் மருந்துக்கடைக்காரம்மா. அப்போது கடிகாரம் உதறியது. வீட்டுக்காரரின் செய்தி. செய்தி நீளம், அந்தக் குட்டித் திரையில் முதல் இரண்டு சொல்தான் தெரிந்தது.

'அப்பா போயிட்டார்…'

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மீதியைப் பார்க்கத் திரையைத் தள்ள வேண்டும். விரல் வேர்வையில் வழுக்கியது, திரை நகரவில்லை. அப்படியே ஓடத் தொடங்கினார். முழங்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. சிக்னலில் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். மூன்று மாடியும் படியிலேயே ஏறினார்.

வீட்டுக்காரர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?" அக்காவுக்கு அதற்குமேல் மூச்சு இல்லை.

"அதான் போட்டேனே. தங்கச்சி கார்ல வந்தா, நாலு நாள் இருந்துட்டு வரட்டும்னு கூட்டிட்டுப் போயிட்டா. மூணு பேருக்குச் சமைச்சா போதும்னு சொல்லத்தான் அனுப்பினேன். ஏன் இப்படி இரைக்குது உனக்கு?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். உயிர் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"போயிட்டார்னா போடுவாங்க? எண்பத்திரண்டு வயசு மனுஷனை? கிளம்பிட்டார்னு போடக் கூடாதா? தங்கச்சி வீட்டுக்குன்னு முன்னால போடக் கூடாதா? யார் யாருக்குச் சொல்லணும்னு மனசுக்குள்ள லிஸ்ட் போட்டு அழுதுக்கிட்டே ஓடி வந்திருக்கேங்க!"

"அட, நல்லாத்தான் இருக்கார் அப்பா. வாயைக் கழுவு" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் மறுபடி உதறியது. 'வாழ்த்துக்கள்! இதுவரை இல்லாத அதிவேகக் கிலோமீட்டர்!'

"வாழ்த்துகள்ல வேண்டாத ஒரு க் வேற" என்றார் அக்கா.

"வந்ததுதான் வந்தே, ஒரு டீ போட்டுட்டுப் போயேன்" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார். கடிகாரத்தைக் கழற்றினார். அவருடைய இடது கையைப் பேப்பரிலிருந்து பிரித்தெடுத்து, மணிக்கட்டில் அதைச் சுற்றி, வாரைக் கடைசித் துளைவரை இழுத்து மாட்டினார். பழைய செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போற?"

"நடக்க. ஒண்ணாவது சுத்துல இருந்து."

அவர் தெருவுக்கு வந்தபோது மேலே பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. வீட்டுக்காரர் மணிக்கட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். உள்ளறையிலிருந்து மகள் அம்மாவுக்கு அனுப்பியது அவர் கையில் உதறியிருந்தது.

"இவ சார்ஜர் எங்கன்னு கேக்குறா! எங்க வச்சிருக்க?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, வெறும் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிக்கொண்டே நடந்தார்.