சப்பீரோஸ் என்ற சொல்லும் சேகரின் நடுவிரலும்

இது ஊர் சுற்றப் போன பயணம் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் வேலை செய்பவன் என் சித்தி மகன் சேகர். போட்டிருந்த நீலக்கல் மோதிரம் மிஷினில் சிக்கி, அவனுடைய நடுவிரல் போய்விட்டது. அவனைப் பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை எட்டரை மணிக்கு மின்சார ரயில். 48 கிலோமீட்டர், 15 ரூபாய், ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து அவன் அறைக்கு ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய்.

கையில் பெரிய கட்டு. “மோதிரத்தோட ஏன்டா மிஷின் ஓட்டினே?” என்று கத்திவிட்டேன்.

“கழட்டவே கூடாதுன்னு கல்லு கடைக்காரன் சொன்னான்க்கா. சூப்பர்வைசரும் பாத்துக்குனு தான் இருந்தாரு, ஒண்ணும் சொல்லல. கடையில நீ எழுதினத மாட்டி வெச்சிருந்தான். உன் பேரப் பாத்துட்டு தான் வாங்கினேன்.”

எழுந்து பஜாரில் இருந்த அந்தக் கல்லுக் கடைக்கு நடந்தேன்.

கல்லாவுக்கு மேலே, லேமினேட் செய்து, என் பழைய வலைப்பதிவு: ‘நீலக்கல்லான சஃபையருக்கு மூலம் சப்பீரோஸ் என்ற கிரேக்கச் சொல். அதற்கும் மூலம் நம் சனிப்பிரியா. சனிக்குப் பிரியமான கல்!’

மூன்று வருடங்களுக்கு முன் எழுதியது. சப்பீரோஸுக்கு அருகில் நிற்பது ‘சப்பீர்’ என்ற எபிரேயச் சொல். சனிப்பிரியா வெறும் ஊகம், நிரூபணமாகவில்லை. பழைய கிரேக்கர்கள் அந்தப் பெயரால் சொன்னதும் பெரும்பாலும் லாபிஸ் லசூலி என்ற வேறொரு நீலக்கல்லை. எல்லாம் அன்றே எனக்குத் தெரியும். எழுதினால் சுவாரஸ்யம் கெடும் என்று விட்டுவிட்டேன்.

“இதை எழுதினது நான்தான். கழட்டுங்க.”

“அட, நீங்களா மேடம்! இன்னாத்துக்குக் கழட்டணும்? ஒரு எழுத்து கூட நான் மாத்தலியே.”

சேகரின் விரலைச் சொன்னேன்.

“உயிருக்கு வந்தது விரலோட போச்சுன்னு வெச்சுக்கோங்க மேடம்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நானே பிய்த்தெடுத்தேன். அவன் கூச்சல் போட, தெரு திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கு: மோதிரம், கயிறு, காப்பு எதுவானாலும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சூப்பர்வைசர் தடுப்பார் என்று இருக்காதீர்கள். சொல்லின் கதையைக் காட்டி யாராவது கல் விற்றால் வாங்காதீர்கள். எழுதியது நானாக இருந்தாலும்.

திரும்பி வந்து, பழைய பதிவின் தலையில் திருத்தம் எழுதி, சேகருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டான்.

“இத அப்பவே எழுதியிருந்தா இன்னாக்கா?” என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான்.