அவர் மூடிய இலை

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம்; அரிசி கிடைக்காது. மரவள்ளிக்கிழங்கே தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. காஜா பெராங் தெருச் சாப்பாட்டுக்கடையில் அன்று சோறு என்று கேள்விப்பட்டதும், புதிதாகக் கல்யாணமான நானும் கணவரும் ஓடினோம். ஒரே ஒரு சாப்பாடுதான் மிச்சம்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க. அதே இலையில நான் சாப்பிட்டுக்கிறேன்" என்றேன்.

பாதிச் சோற்றை எனக்காக ஒதுக்கி வைத்தவர், பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டே பழக்கதோஷத்தில் இலையை மூடிவிட்டார். பரிமாறுபவர் அதை அள்ளி எச்சில் தொட்டியில் போட்டுவிட்டார்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தப் பக்கம் நான் இன்னும் கை வைக்கல, இதுல எடுத்து அந்தப் புள்ளைக்குப் போடுங்க" என்றார் பக்கத்து இலைக்காரர். எதிர்வரிசைக்காரர்களும் ஆளுக்கொரு கரண்டி எடுக்கச் சொன்னார்கள். புது இலை நிறைந்துவிட்டது.

"இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்தே சாப்பிடுங்க லா!" என்று கடைக்காரர் சிரித்தார். வெட்கத்தோடு சாப்பிட்டோம்.

இன்றுவரை எந்த விருந்திலும் அவர் இலையை நான்தான் மூடுகிறேன்.