மூன்றாவது பிளக்

கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து ஆரம்பாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை என் மனைவி ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ப்பக்கம் இறங்கிய இடத்தில் வேகம் குறைந்ததும் வண்டி குலுங்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகள் அதிர்வது எனக்குத் தெரிந்தது.

"இன்னாங்க இது, இப்படி ஆடுது?"

காரணம் எனக்குத் தெரியும். மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பெட்ரோல் உள்ளே போகிறது, பொறி விழவில்லை. ஸ்பார்க் பிளக்காகத்தான் இருக்க வேண்டும்.

"மெக்கானிக்கு கிட்ட வுட்டுடலாம்" என்றேன்.

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். என் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. பழைய வண்டியாக வாங்கிய நாளிலிருந்து நானே ஆயில் மாற்றி, நானே பிளக் துடைத்து, நானே பெல்ட் இறுக்கி வந்தவன். தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் என் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் பானெட்டைத் திறப்பதை விட்டேன். ஓட்டுவதையும் விட்டேன். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்து, தன் வேலைக்குப் போகும் வழியில் என்னையும் இறக்கிவிட ஆரம்பித்தாள். கையைப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் மெக்கானிக்கிடம் போகவில்லை. பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "இறங்குங்க" என்றாள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரண பிளக், இன்னொன்று இரிடியம்.

"இரிடியம் போட்டுக்கோண்ணா. ரொம்ப நாளைக்குத் திறக்கவே வாணாம்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?" என்று அவள் கேட்டாள். கடைக்காரரிடம் அல்ல, என்னிடம்.

சொன்னேன். முனை எந்த உலோகத்தில் இருக்கிறது, அது ஏன் மெதுவாகத் தேய்கிறது, திருகி உள்ளே போகும் மரையின் நீளம் ஏன் அச்சாகப் பொருந்த வேண்டும், நீளம் அதிகமானால் பிஸ்டன் ஏன் வந்து முட்டும் என்றெல்லாம். பிளக்குக்கும் சூட்டுக் கணக்கு உண்டு, எஞ்சினின் சூட்டை வேகமாக வெளியே தள்ளும் பிளக் நம் ஊர்ப் போக்குவரத்தில் கரி பிடித்துவிடும், மெதுவாகத் தள்ளுவது தொலைதூரம் ஓடினால் வெந்துவிடும் என்றேன். பேசிக்கொண்டே போனபோதுதான் கவனித்தேன், பெட்டியைச் சுட்டிக்காட்ட என் வலது கை வெளியே வந்திருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். நான் கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இந்த எஞ்சினுக்கு சாதாரணமே போதும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் ரொம்ப நாளைக்குத் திறக்கவே வேண்டாம் என்ற பேச்சு எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா முடிந்ததும் அவள் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். எஞ்சின் ஆறியிருந்தது. நான் தோளில் துண்டோடு பக்கத்தில் நின்று சொன்னேன், அவள் செய்தாள். சைக்கிள் பம்பால் பிளக் குழிகளில் இருந்த தூசியை ஊதினாள். ஒயர்கள் மாறிவிடக் கூடாது என்பதால் ஒரு பிளக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனோம். முதல் பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கன்னங்கரேலென்று, பெட்ரோல் ஈரத்தோடு வந்தது.

"ஒரே எஞ்சின்ல இருந்துக்குனு இது மட்டும் ஏன் இப்படி?" என்றாள்.

"வர்றத எரிக்க முடியல. அப்படியே மேல பூசிக்குது."

அவள் பிளக்கைத் துணியில் துடைத்து வைத்தாள்.

புதிய பிளக்குகளில் முதல் இரண்டும் விரலாலேயே சுழன்று உள்ளே போயிருந்தன. மூன்றாவது குழி ஓரத்தில், கை நுழைய இடமில்லாத இடத்தில் இருந்தது. அவள் மணிக்கட்டை வளைத்து பிளக்கை வைத்துச் சுற்றினாள். கொஞ்சம் சுற்றியதுமே நின்றுவிட்டது.

"டைட்டா இருக்குது."

"அது அப்படித்தான். ஸ்பேனர் போட்டு சுத்து."

"இல்லீங்க, சரியா போவல."

"நான் சொல்றேன்ல? எத்தினி தபா மாத்திக்கிறேன், எனக்குத் தெரியாதா? சுத்து!"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"மாட்டேன். என் கைக்கு சரியில்லன்னு தோணுது. உனக்கு சரின்னு தோணினா நீயே வந்து தொட்டுப் பாரு."

கோபம் வந்தால் மட்டும்தான் அவள் என்னை நீ என்பாள். விலகி வழி விட்டு நின்றாள்.

முதலில் இடது கையை விட்டேன். அதற்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு வலது கை. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிளக்கின் தலையைப் பிடித்தேன். தழும்பு எஞ்சினின் இரும்பில் உரசியபோது உடம்பு கூசியது. பொறுத்துக்கொண்டு மெல்ல அசைத்தேன். பிளக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மரை மேல் மரை ஏறிக்கொண்டிருந்தது. ஸ்பேனரைப் போட்டு இறுக்கியிருந்தால் அலுமினிய மரை நாசமாகி எஞ்சின் தலையையே கழற்ற வேண்டி வந்திருக்கும்.

மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றினேன். மரையின் வாய் வந்ததும் பிளக் லேசாக உள்ளே விழும். அந்த விழுதலுக்காகக் காத்திருந்தேன். மோதிர விரலுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, ஆனாலும் விழுந்ததும் அதற்குத் தெரிந்துவிட்டது. இப்போது முன்பக்கம் சுற்றினேன். தடையே இல்லாமல் அடிவரை போனது.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"தெரியும்" என்றாள். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கரியும் கிரீஸும் படிந்து, வேலை செய்தவன் கை மாதிரி இருந்தது. துண்டை எடுத்து மூட வேண்டும் என்று தோன்றவில்லை.

கடைசி இறுக்கத்துக்கு என் பிடியில் பலம் போதவில்லை. ஸ்பேனரை அவள் இழுத்தாள். வாஷர் நசுங்குவது தன் கைக்குத் தெரிந்ததும், "போதும்" என்று நான் சொல்வதற்குள் அவளே நிறுத்தினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. குலுக்கல் போயிருந்தது.

"ஓட்டிப் பாக்கறீங்களா?"

"இன்னிக்கு வாணாம்."

அவள் வற்புறுத்தவில்லை. ஓட்டிப் பார்க்க இருவரும் கிளம்பினோம். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். வயல்களுக்கு நடுவே சாலை நேராக வந்ததும் அவள் சொன்னாள்: "நான் கிளட்ச் மிதிக்கறேன். நீங்க கியர் போடுங்க."

கியர் தடி என் வலது கைக்கு எட்டும் தூரத்தில்தான் எப்போதும் இருந்திருக்கிறது. உள்ளங்கையால் தள்ளி மூன்றாவதில் போட்டேன். அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ஓரம் கட்ட அவள் வேகத்தைக் குறைத்துக் கிளட்ச்சை மிதித்ததும், கேட்காமலேயே இரண்டாவதுக்கு இழுத்தேன்.