கைப்பைக்குள் போன கண்ணாடி

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குச் சுவர்க்கடிகாரமும் தோசைக்கல்லும் ஒன்றுதான். இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் ஒன்பது. அதனால் எட்டு வயது மகளுக்கு மைனஸ் இரண்டு என்றதும் பயந்துபோனேன். என் கதி அவளுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பெண் புதுவிதக் கண்ணாடி ஒன்றைக் காட்டினார். பார்வை தெளிவாவதோடு, கண் நீளமாக வளர்ந்து பவர் ஏறிக்கொண்டே போவதையும் அது மெதுவாக்குமாம்.

"எந்திரிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் போட்டிருக்கணும் அக்கா. வெளியில வெளிச்சத்துல நல்லா விளையாட விடுங்க," என்றார்.

என் சின்ன வயதில் இதெல்லாம் ஏது? வருஷாவருஷம் கண்ணாடி தடித்ததுதான் மிச்சம். டியூஷனில் இரண்டு நாளைக் குறைத்து மகளைத் திடலுக்கு விரட்டினேன். ஆறு மாதம் கழித்து அளந்தால் பவர் ஏறியிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ்வளவு சொன்னீங்களே, என்ன ஆச்சு?" என்று பாய்ந்தேன்.

அவர் மகளைக் கேட்டார். "எப்பெல்லாம் கழட்டுவ?"

"கோயிலு, கல்யாணம், பெர்த்டே. ஃபோட்டோ எடுப்பாங்கல்ல. அம்மா வாங்கி ஹேண்ட்பேக்ல வச்சிட்டு வீட்டுக்கு வந்துதான் குடுப்பாங்க."

கிள்ளானில் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு விசேஷம். கண்ணாடியோடு நின்றால் பெண்பிள்ளைக்கு அழகு போய்விடும் என்று என் அம்மா என்னிடம் செய்ததையே நானும் யோசிக்காமல் செய்துகொண்டிருந்தேன். என் கல்யாண ஆல்பம் முழுக்க, கண்ணாடி இல்லாமல், கேமரா இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதன்பிறகு அவள் கண்ணாடி என் கைப்பைக்குள் போகவே இல்லை. அடுத்த வருடம் அந்தப் பெண் இரண்டு முறை அளந்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பவர் ஏறவே இல்ல அக்கா. கண் நீளமும் ரொம்பக் கொஞ்சம்தான் கூடியிருக்கு."

கடை நடுவிலேயே மகளைத் தூக்கிச் சுற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, பிடித்துக்கொள்ளட்டும்.

போன மாதம் கிள்ளானில் என் தம்பிக்குக் கல்யாணம். மேடையில் வரிசையாக நின்றோம்.

"ஆன்டி, கண்ணாடிய கழட்டுங்க லா, லைட் பட்டு கிளேர் அடிக்குது. பாப்பாவும் கழட்டட்டும்," என்றார் படம் பிடிப்பவர்.

என் கை தன்னால் காதுவரை போய்விட்டது. மகள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீங்க லைட்ட திருப்புங்க அங்கிள்," என்றாள்.

அவர் திருப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்து சிரித்தேன்.