மரக்கறி லொறியில் வந்த கோப்பி

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். "மலைநாட்டுப் பிள்ளையோ? அப்ப தேயிலை நல்லாக் கிள்ளுவீர் என்ன?" எங்கள் வீட்டில் யாரும் தேயிலை கிள்ளியதில்லை, பதுளைப் பக்கத்தில் அப்பா கோப்பி வைத்திருந்தவர் என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோய்விட்டது. பிறகு "ஓம், கிள்ளுவன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகிக்கொண்டேன்.

அப்பா வைத்தது கொஞ்ச மரம்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் போஞ்சி, லீக்ஸ் என்று இருந்த மரக்கறியை எல்லாம் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு முழுக்கக் கோப்பி நட்டான். அண்ணிக்கு அது அறவே பிடிக்கவில்லை. கொழும்பில் அவளுடைய மாமா கடை வைத்திருக்கிறார். அங்கே போய் நின்றால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பது அவள் கட்சி. காய்க்கத் தொடங்கும்வரை பொறு என்று அண்ணன் வருஷக்கணக்காக அவளை இழுத்தடித்தான். கடைசியில், மரங்கள் எல்லாம் ஒன்றாகக் காய்த்த இந்த முதல் பெரிய அறுவடை முதல் தரத்தில் தேறினால் ஊரில் இருப்பது, தேறாவிட்டால் கொழும்புக்குப் போவது என்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கண்டியில் கோப்பி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர், முதல் தரமென்றால் ஒவ்வொரு வருஷமும் தானே எடுப்பதாக அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கோப்பியை மரத்தில் பார்ப்பது சுகம், அதற்குப் பிறகு எல்லாம் பாடுதான். சிவந்த பழத்தை மட்டும் ஆய வேண்டும். தண்ணீரில் போட்டு, மிதப்பதை அள்ளி எறிய வேண்டும். தோலை நீக்கி, கொட்டையில் ஒட்டியிருக்கும் பசை விடும்வரை ஓர் இரவு ஊறவைத்துக் கழுவ வேண்டும். அது வரைக்கும் அண்ணன் சரியாகத்தான் செய்தான். பிறகு வேண்டியது வெயில். இந்த முறை தை பிறந்தும் அங்கே மழை விட்டபாடில்லை. பாதி காய்ந்த கோப்பி பூஞ்சணம் பிடித்துவிடும் என்ற பயத்தில் தொலைபேசி எடுத்தான்.

"தங்கச்சி, ஒங்க ஊர்ல வெயில் எப்படி?"

"எங்கடை ஊரிலை அது ஒண்டுதானே அண்ணா மலிவு. மூட்டை கட்டி அனுப்பட்டே?"

"நீ அனுப்ப வேணாம், நான் அனுப்புறேன்" என்றான்.

சுன்னாகம் சந்தைக்குக் கரட், கோவா என்று மரக்கறி கொண்டுவரும் லொறியில் அவனுடைய ஒரு வருஷத்து உழைப்பு முழுக்க வந்து இறங்கியது. மூட்டையை அவிழ்த்தபோது அப்பாவின் முற்றம் நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே சட்டம் போடத் தொடங்கினேன். கோப்பி எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்க் கலன் வீட்டைவிட்டுப் போனது. கருவாட்டுச் சட்டி பக்கத்து வீட்டுக்குப் போனது. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்கள் தோட்டத்து மூலைக்குப் போயின. என் கணவர் சுருட்டைப் பற்றவைக்கப் படலைக்கு வெளியே போனார்.

"நானும் போகவோ, இல்லை இருக்கலாமோ?" என்று அங்கிருந்து கேட்டார்.

"குளிச்சிட்டு வந்தால் இருக்கலாம்" என்றேன்.

பகலில் முற்றத்தில் படங்கு விரித்துக் காயவைத்தோம். இரவில் பனி கொட்டும், வெளியே விட முடியாது. எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு யோசனையும் இல்லாமல் மூட்டையைத் தூக்கினார்.

"இஞ்சை பாரும், எங்கடை ஓலைக் கொட்டிலைவிடக் காத்தோட்டமான இடம் உமக்கு எங்கை கிடைக்கும்? மாசக்கணக்காத் தொங்கிற விதை வெங்காயமே அதுக்குள்ளை பழுதாகிறேல்லை. யோசியாதையும்."

விதை வெங்காயம் அவருக்குக் கண். அடுத்த நடுகையே அதில்தான் இருக்கிறது. அந்த வெங்காயப் பிடிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டி, நல்ல காற்று வரும் பக்கத்தைக் கோப்பிக்குக் கொடுத்தார். மச்சானின் சாமான் என்று அவர் அதைப் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. கோப்பி நன்றாகக் காய்ந்தது. பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைந்தது.

கண்டிக்காரர் யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு கோப்பிக் கடைக்கு வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார். மேசையில் தன் சாமான்களைப் பரப்பினார். ஒரு பிடி கோப்பியை உமி நீக்கினார். துளைத் தட்டுகளில் அரித்துச் சிறியதையும் பெரியதையும் பிரித்தார். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது என்று தேடினார். அகப்பட்டது மிகக் கொஞ்சம்.

"அளவு, நிறம், காஞ்ச பதம் எல்லாம் முதல் தரம்தான் அக்கா. உங்க அண்ணன் நல்லா செஞ்சிருக்கார்."

எனக்கு அப்போதே அண்ணனுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அவர் ஒரு சின்ன உருளையில் கோப்பியை வறுத்தார். அரைத்துக் கோப்பைகளில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினார். மேலே திரண்டு நின்ற தூள் படலத்தைக் கரண்டியால் உடைத்து மூக்கை வைத்தார். அப்படியே நின்றார். அடுத்த கோப்பையை மணந்தார். உறிஞ்சிப் பார்த்தார். எழுந்துபோய்க் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து திரும்பவும் உறிஞ்சினார்.

"அக்கா, இதை எங்க வெச்சிருந்தீங்க?"

கொட்டிலைக் காட்டினேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வெங்காயம்" என்றார். "உங்களுக்கு வாசம் வரலையா?"

நான் கொட்டிலுக்குள் போய் மூச்சை இழுத்தேன். ஓலை மணத்தது, சாக்கு மணத்தது. வெங்காயம் மணக்கவில்லை. கோப்பையை எடுத்து மணந்தேன். கோப்பி மணத்தது, நல்ல கோப்பி. என் கணவரும் மணந்துவிட்டு, இந்த மனிசனுக்கு என்ன பிரச்சினை என்பதுபோல் என்னைப் பார்த்தார். மண்ணெண்ணெயை விரட்டினேன், கருவாட்டை விரட்டினேன், கட்டின புருஷனைக்கூட விரட்டினேன். வெங்காயத்துக்கு ஒரு மணம் உண்டென்பதே என் நினைப்பில் வரவில்லை. இந்த வீட்டில் அது காற்று. என் கையிலும் தலைமயிரிலும் உடுப்பிலும் இருப்பது அதுதான்.

"திரும்ப வெயில்லை போட்டால் போகாதோ?" என்று என் கணவர் கேட்டார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"போகாதுங்க. உள்ள எறங்கிருச்சு."

கண்டிக்காரர் கெட்டவரில்லை. போகும்போது இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் எடுக்க மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது, அதை யார்மேல் கொட்டுவதென்றுதான் தெரியவில்லை. என் கணவர் தன் கண்ணான வெங்காயத்தை ஒதுக்கி வைத்து என் அண்ணனுக்கு இடம் கொடுத்திருக்கிறார், அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவர் சொல்லாமல் கொள்ளாமல் கோப்பியை மறுபடியும் முற்றத்தில் பரப்பிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து கிளறினார். போகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நானும் போய்க் குந்திக் கிளறினேன்.

அடுத்த கிழமை, கண்டிக்காரர் சொல்லி எல்லாம் தெரிந்துகொண்டு, அதே லொறியில் அண்ணன் வந்தான். சந்தையில் கரட் இறக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கு ஒரு நடை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவன் விடவில்லை.

"மாப்பிள்ளைய ஒன்னும் சொல்லிறாத. கொழும்புல மாமா எப்ப வேணும்னாலும் வரச் சொல்லிட்டாரு. சரி, நம்ம கோப்பில ஒன்னு போடு, குடிச்சுப் பார்ப்போம்."

அப்பா இருந்த காலத்தில் எங்கள் இருவரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கோப்பி தருவார். மேட்டுக் கோப்பியா பள்ளத்துக் கோப்பியா என்று அண்ணன் ஒருபோதும் பிழைவிட்டதில்லை, நானும் பெரும்பாலும் விட்டதில்லை. வளர்ந்த பிறகும் கோப்பியென்றால் ஒரு கோப்பையோடு எழும்புகிற ஆளில்லை அவன். அம்மா கேத்திலையே அவன் பக்கத்தில் வைத்துவிடுவா.

ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டு எதிரே இருந்தேன். முற்றத்துப் படங்கைப் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல, அடிவரை குடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அந்தாளு சும்மா சொல்லிட்டுப் போயிருக்கான்."

"இன்னொண்டு ஊத்தட்டே அண்ணா?"

"வேணாம். லொறிக்கு நேரமாயிருச்சு."

லொறியில் பாதிகூட இறக்கியிருக்க மாட்டார்கள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் கணவரின் தோளில் தட்டிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனான். நான் என் கோப்பையைக் குடித்து முடித்தேன். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.